உப்பளக் கரையில் ஓர் ஆற்றுப்படை: பள்ளி மன்றங்களும் கல்லூரி வாழ்வும்

மரக்காணம் தமிழ் இலக்கியத்துக்குப் புதிய ஊரன்று. நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் யாத்த சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அந்நூல் குறிக்கும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கண்ட முடிபு. அதே நூலில் வரும் கிடங்கில், திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்றும் நிற்கிறது. ஆற்றுப்படை என்பது என்ன? பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், இன்னும் பெறாத ஒருவனை வழியிடைக் காண்கிறான். கண்டவன் தன் பரிசிலைக் காட்டிப் பெருமை பேசிவிட்டுப் போய்விடுவதில்லை. எவ்வழியே செல்ல வேண்டும், இடையில் எந்தெந்த ஊர்கள் வரும், அங்கு எவர் விருந்தளிப்பர், மன்னன் முன் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்லி அனுப்புகிறான். வழி அறிந்தவன் அறியாதவனுக்குச் செய்யும் கடமையே ஆற்றுப்படை. உலக இலக்கியங்களில் வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு.

இன்று இக்கரையிலிருந்து புறப்படும் பயணம் வேறு. உப்பளத் தொழிலாளியின் மகளும் மீனவரின் மகனும் கல்லூரியை நோக்கி நடக்கின்றனர். பாதை இல்லை என்று சொல்வதற்கில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரைத் தொட்டுச் செல்கிறது. திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தெற்கே காலாப்பட்டில், 1985ஆம் ஆண்டு தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டில் வந்தது. அடுத்த ஆண்டே அது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கியது. வாயில் முன்னைவிட அகலத் திறந்திருக்கிறது. ஆயினும் வாயிலுக்குள் நுழைந்தபின் எவ்வாறு நடப்பது என்பதைச் சொல்லித் தருவார் எவர்? பெற்றோர் கல்லூரியை வெளியிலிருந்து மட்டுமே கண்டவர்கள். அண்டை வீட்டிலும் கல்லூரி கண்டவர் இல்லாமற்போகலாம். முதல் தலைமுறை மாணவனுக்குரிய ஆற்றுப்படை எங்கே பாடப்படுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

விடை எளியது, ஆனால் பலரும் பொருட்படுத்தாதது. அந்த ஆற்றுப்படை பாடநூலில் இல்லை. பள்ளியின் மன்றங்களில் இருக்கிறது. இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுத் திடல், கையெழுத்து இதழ் ஆகியவற்றில் இருக்கிறது. இவற்றைப் பாடப்புறச் செயல்கள் என அழைப்பது நெடுநாள் வழக்கு. புறம் என்னும் சொல்லில் ஒரு தீங்கு ஒளிந்துள்ளது. புறத்தே இருப்பதை எப்பொழுது வேண்டுமாயினும் வெட்டிவிடலாம் என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. கல்வி இணைச் செயல்பாடுகள் என்று பின்னர் வழங்கலான பெயர் உண்மைக்குச் சற்று அணித்தானது.

கல்லூரி ஒரு மாணவனிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளியில் வினாவும் விடையும் பெரும்பாலும் கரும்பலகையிலேயே கிடைத்துவிடுகின்றன. படித்ததைப் பிழையின்றி எழுதினால் மதிப்பெண் உண்டு. கல்லூரியிலோ முதற்பருவத்திலேயே காட்சி மாறிவிடுகிறது. ஒரு தலைப்பைத் தந்து, நூலகத்தில் தேடிக் கட்டுரை எழுதி வருக என்கிறார் பேராசிரியர். பத்து நிமிடம் வகுப்பின் முன் நின்று பேசச் சொல்கிறார். ஆய்வுக்கூடத்தில் கண்டதைக் கண்டவாறே பதிவேட்டில் எழுதச் சொல்கிறார். இறுதியாண்டில் நால்வர் ஐவர் கூடி ஒரு திட்டக் கட்டுரையை முடிக்க வேண்டியிருக்கிறது. கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் நூற்றுக்கு 25 மதிப்பெண் இத்தகைய அகமதிப்பீட்டுக்கே உரியது. இவற்றுக்கும் மேலாக, எதை எப்பொழுது படிப்பது என்று நாள்தோறும் சொல்ல எவரும் இல்லாத நிலையில், தன் நேரத்தைத் தானே பகுத்துக்கொள்ள வேண்டியும் இருக்கிறது.

பேசுதல், தேடுதல், பதிவுசெய்தல், கூடிச் செயல்படுதல், காலத்தைப் பகுத்தல் ஆகிய இந்த ஐந்தும் அறிவுக் குறைவால் வாராதவை அல்ல; பழக்கமின்மையால் வாராதவை. பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவி கல்லூரி வகுப்பின் கடைசி வரிசையில் ஓராண்டு முழுவதும் வாய் திறவாது இருப்பதுண்டு. ஐயம் எழுந்தால் எவரைக் கேட்பது, எவ்வாறு கேட்பது, கேட்டால் சிரிப்பார்களோ என்னும் தயக்கம் அவளைக் கட்டிப்போடுகிறது. படித்த குடும்பத்துப் பிள்ளை இவற்றை வீட்டு உரையாடலிலேயே கற்றுவிடுகிறது. மற்றப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே இடம். பள்ளியிலும், பாடவேளையில் அதற்கு வாய்ப்புக் குறைவு. மன்றத்தில்தான் அது நிகழ வேண்டும்.

இலக்கிய மன்றத்தையே எடுத்துக்கொள்வோர்க்கு இது தெளிவாகும். ஒரு கூட்டம் நடைபெற வேண்டுமாயின் ஒருவர் வரவேற்க வேண்டும். ஒருவர் சென்ற கூட்டத்தின் அறிக்கையைப் படிக்க வேண்டும். மூவர் பேச வேண்டும். ஒருவர் நேரம் பார்த்து மணி அடிக்க வேண்டும். ஒருவர் நன்றி கூற வேண்டும். வழக்கமான சடங்குகள்போல் தோன்றும் இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி. வரவேற்புரை ஆற்றுபவன், அறிமுகம் இல்லாத பெரியவரின் பெயரையும் பணியையும் முன்கூட்டிக் கேட்டறிந்து, முறையாகச் சொல்லக் கற்கிறான். அறிக்கை எழுதுபவள், ஒரு மணி நேரப் பேச்சை ஒரு பக்கமாகச் சுருக்கக் கற்கிறாள். கல்லூரி விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுக்கும் கலை இதுவே, வேறன்று. மூன்று நிமிடத்தில் பேச்சை முடிக்கப் பழகியவனுக்குக் கருத்தரங்கில் பத்து நிமிடம் அச்சமூட்டாது. பட்டிமன்றத்தில் தான் நம்பாத அணிக்காகவும் பேச நேர்ந்தவன், எதிர்க் கருத்தின் வலிமையைத் தன் நாவாலேயே அறிகிறான். ஆராய்ச்சிக்கு அதனினும் சிறந்த முன்பயிற்சி அரிது.

மொழி பற்றிய ஐயம் ஒன்று இங்கு எழும். கல்லூரியில் பல படிப்புகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. தமிழில் மன்றம் நடத்திப் பயன் என்ன என்று சிலர் கேட்பர். சொற்கள் மாறலாம், பேச்சின் எலும்புக்கூடு மாறுவதில்லை. எதைச் சொல்லப் போகிறோம் என்று அறிவித்து, சான்று காட்டி, மறுப்புக்கு விடை கூறி, முடிக்கும் ஒழுங்கைத் தாய்மொழியில் கைவரப் பெற்றவன் அதை வேறு மொழிக்கு எடுத்துச் செல்வான். ஒழுங்கே இல்லாதவனுக்கு எம்மொழியும் துணை நிற்பதில்லை.

இதற்கு அப்துல் கலாமின் வாழ்வு நல்ல சான்று. இராமேசுவரத்துக் கடற்கரையில், சிறுவனாய் இருந்தபோதே செய்தித்தாள் விற்றுக் குடும்பத்துக்கு உதவியவர் அவர். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்றபின், சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றார். அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் வானூர்தியை நாமே உருவாக்க வேண்டும் என்னும் கருத்தமைந்த கட்டுரையைத் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசை ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் பெற்றதை, 1999ஆம் ஆண்டு வெளிவந்த தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். ஆங்கிலத்தில் கற்ற வானூர்தியியலைத் தாய்மொழியில் பிறர்க்கு விளங்க வைக்கும் வாய்ப்பை வகுப்பறை தரவில்லை. ஒரு சங்கம் தந்தது.

அறிவியல் மன்றத்துக்கு இக்கரையே பெரியதோர் ஆய்வுக்கூடம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980ஆம் ஆண்டு தோன்றியது. அவ்வியக்கத்தார் முயற்சியால் 1987ஆம் ஆண்டு முதல் துளிர் என்னும் சிறுவர் அறிவியல் இதழ் வெளிவரலாயிற்று. 1993ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழகத்தில் ஒருங்கிணைத்து நடத்தியதும் இவ்வியக்கமே. 10 முதல் 17 வயது வரையுள்ள மாணவர் சிறு குழுவாகக் கூடி, தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஆய்ந்து, நாட்குறிப்பு வைத்து, அறிக்கை எழுதி, நடுவர் முன் தம் மொழியிலேயே எடுத்துரைப்பது அம்மாநாட்டின் முறை. மாவட்டம், மாநிலம், நாடு எனப் படிப்படியாக அது செல்லும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டப்படுவதில்லை. ஒரு வினாவும், அதைவிடாமல் பின்தொடரும் பொறுமையுமே வேண்டப்படுபவை.

மரக்காணத்து மாணவர் குழு ஒன்று இத்தகைய ஆய்வில் இறங்குமாயின் எவ்வளவு கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு லிட்டர்க் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. உப்பளத்தில் நீரின் செறிவை ஒரு மிதவை மானியால் அளந்து, இத்தனை டிகிரி என்பர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலும் காற்றும் பட்டு, பாத்தி பாத்தியாக நகர்ந்து 25 டிகிரியை எட்டும்போது, பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிப் போயிருக்கும். உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்னரே சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் தனியே படிந்துவிடும். 30 டிகிரியை நெருங்கினால் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பு ஏறும் என்பதால், எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவர். வேதியியல் பாடநூல் பின்னப் படிகமாக்கல் எனச் சொல்லும் முறை இங்கே திறந்த வெளியில், ஏக்கர்க்கணக்கில் நடைபெறுகிறது. அதை நடத்துபவர் அம்மாணவரின் தாயும் தந்தையுமே.

ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் டிகிரியைக் குறித்து, வெப்பநிலையையும் காற்றையும் உடன் எழுதிவந்தால், ஒரு மாதத்தில் ஓர் அட்டவணை உருவாகும். அளவீடு ஒருநாள் தவறினால் அட்டவணையில் ஓர் ஓட்டை விழும். அதைக் கற்பனையால் நிரப்பலாகாது என்பதை அம்மாணவர் கற்பர். இருவர் அளந்த அளவு வேறுபட்டால், எவர் பிழை என்று சண்டையிடாமல் மூன்றாம் முறை அளக்கக் கற்பர். அளக்காரரிடம் கேட்டறியும்போது, நேர்காணல் செய்யும் பணிவும், ஏட்டுக்கல்வி இல்லாதவரிடத்தும் அறிவு உண்டு என்னும் மதிப்பும் உண்டாகும். கல்லூரி ஆய்வுக்கூடப் பதிவேடு அம்மாணவர்க்கு இனி அயலான பொருளாய் இராது. அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றும் உண்டு. பெற்றோரின் தொழிலை மறைக்க வேண்டிய ஒன்றாக எண்ணிக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை, அத்தொழிலே அறிவியல் என்பதை அறிந்து நுழையும்.

அருகிலுள்ள கழுவெளி நீர்நிலை இன்னொரு திறந்த ஏடு. 5151.60 எக்டேர் பரப்புடைய அப்பகுதியைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு திசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. எவரும் அதில் பங்கு கொள்ளலாம். ஒரு பள்ளியின் பசுமை மன்றம் ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே நாட்களில் நின்று எண்ணி வருமாயின், ஐந்தாண்டில் அது எளிதில் கிடைத்தற்கரிய ஆவணமாகும். இன்று ஒன்பதாம் வகுப்பில் எண்ணத் தொடங்கிய மாணவி கல்லூரியில் விலங்கியல் பயிலும்போது தன் சொந்தத் தரவோடு வகுப்பில் அமர்வாள்.

சாரணர் இயக்கம் கற்பிப்பது வேறொரு திறம். பேடன் பவல் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் நடத்திய முதல் முகாமில், வசதி படைத்தோர் பயிலும் பள்ளிச் சிறுவரும் உழைக்கும் குடும்பத்துச் சிறுவரும் ஒரே கூடாரங்களில் தங்கினர். அவர் கண்ட முறையின் உயிர்நாடி அணிமுறை: சிறுவர் சிலர் ஓர் அணி, அவர்களுள் ஒருவனே தலைவன். அந்நாளில் இந்தியச் சிறுவர்க்குச் சாரணர் இயக்கத்தில் இடம் மறுக்கப்பட்டபோது, அன்னி பெசண்ட் அம்மையார் முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னையிலிருந்து தனி இயக்கம் கண்டார். பின்னாளில் பல அமைப்புகள் ஒன்றிணைந்து, 1950ஆம் ஆண்டு பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டிலும், நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களிலும் தோன்றின. நலப்பணித் திட்டம் பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. முகாமில் எழுபது பேருக்கு அரிசி எவ்வளவு, விறகு எவ்வளவு, எவர் நீர் இறைப்பது, எவர் கலம் கழுவுவது என்று திட்டமிட்ட மாணவனுக்கு விடுதி வாழ்க்கை புதிதன்று. நால்வர் கூடிச் செய்யும் திட்டப்பணியில் ஒருவர் உழைக்க மூவர் பார்த்திருக்கும் அவலமும் நேராது.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புதுவையை ஒட்டிக் கரையேறிய பெஞ்சல் புயலும் கண்ட கரை இது. முதலுதவியும், பெயர்ப்பட்டியல் எடுப்பதும், கூட்டத்தை வரிசைப்படுத்துவதும் இங்கே வெறும் சான்றிதழுக்கான பயிற்சிகள் அல்ல.

விளையாட்டுத் திடலையும் விட்டுவிடலாகாது. தோல்விக்குப் பின் மறுநாளும் திடலுக்கு வரவேண்டும் என்பதைக் கபடியும் கைப்பந்தும் கற்பிப்பதுபோல் வேறெதுவும் கற்பிப்பதில்லை. முதற்பருவத் தேர்வில் ஒரு தாளில் தவறியவுடன் கல்லூரியையே கைவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. தோற்பது முடிவன்று என்ற அறிவு அவர்களுக்குச் சொல்லாய் மட்டுமே வந்திருக்கிறது, உடலில் பதியவில்லை.

இவ்வளவு நன்மைகளைப் பட்டியலிட்டபின், நேர்மையோடு ஓர் எச்சரிக்கையையும் கூறுதல் கடன். மன்றங்களில் பங்கு கொண்ட மாணவர் கல்லூரியில் சிறக்கின்றனர் என்பதால் மட்டும், மன்றமே அச்சிறப்புக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட இயலாது. மாலையில் பள்ளியில் தங்க முடிந்த பிள்ளைக்கு வீட்டில் வேலை குறைவு; பேச்சுப் போட்டிக்கு எழுதித்தர அங்கே படித்த பெரியவர் இருப்பர்; போட்டி நடக்கும் ஊருக்கு அழைத்துச் செல்லக் கையில் காசும் இருக்கும். அத்தகைய பிள்ளை மன்றம் இல்லாமலும் ஓரளவு முன்னேறியிருக்கும். அப்படியாயின் இன்றுள்ள நிலையில் பல பள்ளிகளின் மன்றங்கள் ஏற்கெனவே வழி அறிந்தவர்க்கே வழி காட்டிக்கொண்டிருக்கின்றனவோ என்னும் ஐயம் தோன்றுகிறது. இந்த ஐயம் மன்றங்களுக்கு எதிரானதன்று. அவை எவருக்குக் கிடைக்கின்றன என்பதைப் பற்றியது.

உப்பளக் கரையில் இந்த வினா கூர்மையாகிறது. வெயில் ஏறுமுன் வாரியாக வேண்டும் என்பதால் உப்பளத் தொழிலாளர் விடியுமுன்னரே புறப்பட்டுவிடுகின்றனர். காலைச் சமையலும் தம்பி தங்கையரைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தலும் பல வீடுகளில் மூத்த மகளின் தலையில் விழுகின்றன. கோடை விடுமுறை, பிற மாணவர்க்கு முகாமும் பயிற்சியுமாகக் கழியும் காலம். இங்கோ அது உப்பு விளையும் உச்சப் பருவம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை வேலை இராது, வருவாயும் இராது. அம்மாதங்களைக் கருதியே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தியது. பள்ளியின் போட்டிகளும் சுற்றுலாக்களும் அக்காலத்தில் வந்தால், பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு தடையே. மாலை மணி அடித்தபின் நடக்கும் மன்றத்தில், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்பிள்ளை பெயரளவிலேயே உறுப்பினள்.

வேறொரு குறையும் உண்டு. அது பள்ளிகளுக்குள்ளேயே இருப்பது. நன்றாகப் பேசும் ஒரு மாணவனே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லா மேடையிலும் பேசுகிறான். அவனே வரவேற்கிறான், அவனே நன்றி கூறுகிறான். கோப்பைகள் பள்ளிக்கு வருகின்றன. எஞ்சிய நாற்பது பேரும் ஏழு ஆண்டுகள் கைதட்டப் பயிற்சி பெறுகின்றனர். பத்தாம் வகுப்பும் மேல்நிலை வகுப்பும் வந்துவிட்டாலோ அந்த ஒருவனுக்கும் மேடை இல்லை. விளையாட்டுப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குக் கடன் போகிறது, கடன் திரும்புவதேயில்லை. தேர்வின் மீது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உள்ள அச்சம் நியாயமானதே. மதிப்பெண் இன்றிக் கல்லூரி வாயில் திறவாது. ஆயினும் வாயிலைத் திறக்க மட்டும் ஆயத்தப்படுத்தி, உள்ளே நடக்கக் கற்பிக்காமல் அனுப்புவது அரைப் பணி.

அண்மைக் காலத்தில் நல்ல முயற்சிகள் சில தொடங்கியுள்ளன. பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு வகுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் இதே மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளிப் படிப்போ பட்டப்படிப்போ முடித்த உள்ளூர்த் தன்னார்வலர், பள்ளி நேரத்துக்குப்பின் தம் தெருப் பிள்ளைகளுக்கு ஆடல், பாடல், கதை வழியாகக் கற்பித்தனர். படித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்கள் பலர் அதில் முன்வந்தனர். பெற்றவர் பெறாதவர்க்கு வழி காட்டிய செயல் அது. அடுத்த ஆண்டில் வானவில் மன்றம், இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம் ஆகியவை அரசுப் பள்ளிகளில் முறைப்படுத்தப்பட்டன. கலைத் திருவிழாவும் தொடங்கிற்று. மன்றம் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடைபெற வேண்டும் என்னும் கொள்கை இவற்றால் வலுப்பெற்றது. இவை போட்டியாக மட்டும் சுருங்கிவிடாமல் காப்பதே இனிச் செய்யவேண்டுவது. போட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. பயிற்சி அனைவரையும் வளர்க்கிறது.

பண்டைத் தமிழில் மன்றம் என்பது ஊரின் நடுவே மரத்தடியில் அமைந்த பொதுவிடம். எவருக்கும் உரிமையான தனியிடம் அன்று அது. அச்சொல்லுக்குரிய பொருளைப் பள்ளி மன்றம் மீண்டும் பெறுதல் வேண்டும். அதற்குச் செலவு மிகுந்த திட்டங்கள் தேவையில்லை. முறை வைத்தல் ஒன்றே போதும். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒவ்வொரு மாணவரும் ஆண்டில் ஒருமுறை வரவேற்கட்டும், ஒருமுறை அறிக்கை எழுதட்டும், ஒருமுறை நேரம் பார்க்கட்டும், ஒருமுறை பேசட்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் வாரம் ஒரு பாடவேளை, ஐவர் ஐவராக முறை வந்தால், எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும்; ஓராண்டில் நான்கு சுற்றுகள் நடத்தலாம். திக்கிப் பேசும் பிள்ளைக்கும் முறை வரும். முதற்சுற்றில் அவள் இரண்டு வரி மட்டும் சொல்லி அமர்ந்தாலும் குற்றமில்லை. நான்காம் சுற்றில் அவள் எத்தனை வரி சொல்கிறாள் என்பதே அம்மன்றத்தின் அளவுகோல். மேல்நிலை வகுப்புகளுக்கும் இதில் விலக்கு வேண்டுவதில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளையால் எவருடைய தேர்ச்சியும் கெட்டுவிடாது.

இலக்கிய வட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. பத்தாண்டுகள் தொடர்ந்து கூட்டம் நடத்துவது எளிதன்று. நாள் குறித்தல், அழைப்பு அனுப்புதல், கூடியவற்றை எழுதி வைத்தல், மாறுபட்ட கருத்துடையோரை ஓரவையில் அமர்த்துதல் ஆகிய திறங்களை இவ்வட்டத்தார் பத்தாண்டுகளாகப் பயின்றிருக்கின்றனர். பள்ளி மாணவர்க்கு வேண்டுபவையும் இவையே. ஆண்டுவிழாவில் மாணவரை அழைத்துத் திருக்குறள் ஒப்புவிக்கச் செய்து பரிசளித்து அனுப்பும் வழக்கம் நல்லதே. அதனினும் நல்லது ஒன்று உண்டு. பதினோராம் ஆண்டு முதல் ஒவ்வொரு கூட்டத்தின் அறிக்கையையும், ஒரு மூத்த உறுப்பினர் துணையோடு, உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் அவரே அதைப் படிக்கட்டும். ஒவ்வொரு முறையும் வேறொருவர், வேறொரு பள்ளி. இக்கரையிலிருந்து கல்லூரிக்குச் சென்றுள்ள இளையோர், விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு கூட்டத்துக்கு வரட்டும். கவிதை பற்றி அவர்கள் பேச வேண்டுவதில்லை. சேர்க்கைக்கு எந்தச் சான்றிதழ்கள் வேண்டும், நூலகத்தில் நூல் எடுப்பது எப்படி, கருத்தரங்கில் முதன்முறை பேசியபோது நேர்ந்தது என்ன, பாடம் விளங்காதபோது யாரிடம் போய் நின்றார்கள் என்பவற்றைச் சொன்னால் போதும். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டுக் குறிப்பெடுக்குமாயின், எயிற்பட்டினத்து ஆற்றுப்படை மரபு அற்றுப்போகவில்லை என்றே பொருள்.

அதற்கு வேண்டுவது ஒரு குறிப்பேடும் ஒரு நாற்காலியும் மட்டுமே. அடுத்த கூட்டத்துக்கான அழைப்பிதழ் அச்சேறுமுன், அந்த நாற்காலியில் முதலில் அமரப்போகும் மாணவர் எப்பள்ளியினர் என்பதை இவ்வவை முடிவு செய்யுமாக.